வாடகை வீட்டுக்காரங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை இணைப்புல குறைஞ்ச செலவுல வீட்டை அழகாக்குறது எப்படின்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. டீக்கடையில வாங்கின பேப்பரை எங்க வீட்டுக்காரரு மடிச்சு எடுத்துட்டு வந்து "உனக்குத்தான் இது"ன்னு குடுத்தாரு, நானும் தையல் மிஷினை நிறுத்திட்டு உக்காந்து ஒரு எழுத்து விடாம படிச்சேன். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், ஒரு சுவத்துக்கு மட்டும் டெக்ஸ்சர் பெயிண்ட், டிவிக்குப் பின்னாடி மரப்பலகை, காரைக்குடிக்குப் போய் பழைய சாமான் நாலு வாங்கி மூலைக்கு மூலை வைங்க, எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம்னு போட்டிருக்கு. படிச்சு முடிச்சதும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. எங்க மொத்த வீடே ஒரு ஹாலு, ஒரு சமையக்கட்டு, அதுக்கு நடுவுல ஒரு நடை, அவ்வளவுதான். அதுல சீலிங்கை இன்னும் அரையடி கீழ இறக்குனா ஃபேன் எங்க வீட்டுக்காரரு தலையில இடிக்கும்.

நாங்க இருக்கிறது மதுரை செல்லூர்ல ஒரு காம்பவுண்ட் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரு போர் தண்ணி, வாசலுக்கு ஒரே இரும்பு கேட்டு. நான் ஜாக்கெட் தைக்கிறேன், அவரு லேத் பட்டறையில வேலை பாக்குறாரு. இப்படி இருக்குற எங்களுக்கு வீட்டை அழகா வச்சுக்கணும்னு ஆசையே இருக்காதுன்னு நினைச்சுட்டீங்களா, இல்ல சொந்த வீடு இருக்குறவங்கதான் பேப்பர் வாங்குவாங்கன்னு நினைச்சுட்டீங்களான்னு தெரியல. அதான் போன வருஷம் நாங்க என்ன பண்ணோம்னு எழுதலாம்னு உக்காந்தேன். நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா அந்த சுண்ணாம்பு விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

இந்தக் கதை ஆரம்பிச்சதே பெரியவனுக்கு வேலை கிடைச்ச பிறகுதான். வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பாக்குற வேலை, தினமும் காலையில மீட்டிங்னு ஒண்ணு. எல்லாரும் முகத்தைக் காட்டிப் பேசுறப்ப இவன் மட்டும் கேமராவை மூடியே வச்சிருந்தான். நெட்டு ஸ்லோன்னு அவங்க கிட்ட சொல்லிட்டு இருந்திருக்கான். ஒரு நாள் நானே கேட்டேன், ஏன்டா இப்படின்னு. "ம்மா, பின்னாடி திரும்பிப் பாரு"ன்னான். பாத்தா அவன் உக்கார்ற இடத்துக்கு நேரா பின்னாடி சுவத்துல ஓதம் ஏறி, பச்சை பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிஞ்சு, நடுவுல இந்தியா மேப்பு மாதிரி ஒரு கறை. இத்தனை வருஷமா நான் அதைப் பாத்துட்டேதான் சமைச்சுட்டு இருந்தேன், கண்ணுக்கு அது தெரியவே இல்ல, அவன் சொன்ன அன்னைலேர்ந்து அதைத் தவிர வேற எதுவுமே தெரியல.

சீட்டுப் பணத்துல 3,000 ரூபாய் எடுத்து வச்சேன். இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது, இதுல என்ன முடியுமோ அதுதான்னு வீட்டுல சொல்லிட்டேன்.

முதல்ல பண்ணதே முட்டாள்தனம், அதையும் சொல்லிடுறேன். ஆன்லைன்ல செங்கல் சுவர் மாதிரி ஸ்பாஞ்சு ஸ்டிக்கர் விக்கிறாங்கள்ல, பின்னாடி பேப்பரை உரிச்சு அப்படியே ஒட்டுறது, அதுல 90 ரூபாய் மேனிக்கு பத்து ஷீட்டு வாங்கி தீபாவளிக்கு முந்தின வாரம் ஒட்டினோம். ஒட்டின அன்னைக்கு வீடே சினிமா செட்டு மாதிரி இருந்துச்சு, பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் வந்து தடவித் தடவி பாத்துட்டு போனாங்க. அப்புறம் ஐப்பசி மழை பிடிச்சுது. கார்த்திகையில ஒரு ராத்திரி எங்க மாமியார் சுவத்தோரமா படுத்திருந்தாங்க, சொத்துன்னு ஒரு ஷீட்டு அவங்க மூஞ்சியிலேயே விழுந்துச்சு, அவங்க போட்ட சத்தத்துல எட்டு வீடும் எந்திரிச்சு கம்பு எடுத்துட்டு வந்துட்டாங்க. லைட்டைப் போட்டுப் பாத்தா விழுந்த ஷீட்டுக்குப் பின்னாடி கருகருன்னு பூஞ்சை, இருந்த பெயிண்டும் அதோட சேர்ந்து உரிஞ்சு வந்திருச்சு. முன்னாடி இருந்ததைவிட மோசம். 900 ரூபாய் போச்சு.

அப்பதான் எங்க காம்பவுண்டுல கடைசி வீட்டுல இருக்குற கொத்தனார் மாமா வந்து பாத்தாரு. வயசு எழுபதுக்கு மேல, இப்ப வேலைக்குப் போறதில்ல, ஆனா சுவத்தைத் தட்டிப் பாத்தே வியாதி சொல்லிடுவாரு. விரலை மடக்கித் தட்டிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நின்னுட்டு, "ஏத்தா, இது தண்ணி குடிச்ச சுவரு, இதுக்கு பிளாஸ்டிக் சட்டை போட்டா மூச்சு முட்டாதா"ன்னாரு. விஷயம் என்னன்னா இப்ப அடிக்கிற எமல்ஷன், எனாமல் எல்லாம் சுவத்து மேல ஒரு தோல் மாதிரி பிடிச்சுக்கும், உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழி இல்லாம அந்தத் தோலைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும், அதான் பொரியுறது. ஸ்டிக்கரும் அதே கதைதான். சுண்ணாம்பு அப்படி இல்ல, ஈரத்தை வெளிய விட்டுடும், அதோட சுண்ணாம்புல பூஞ்சையும் சட்டுன்னு பிடிக்காது.

ஆனா சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்கணும்னாரு. பாத்தோம். சுவத்துக்கு அந்தப்பக்கம் பொதுக் குளியலறை, அதுல ஒரு குழாய் மூட்டு கசிஞ்சுட்டே இருந்திருக்கு, அதை மாத்த ஹவுஸ் ஓனர்கிட்ட நாலு தடவை நடந்தாச்சு, கடைசியில எட்டு வீடும் சேர்ந்து போய் நின்னப்புறம்தான் ஆள் அனுப்பினாரு. சரி பண்ணதும் உடனே அடிச்சிடலாம்னா அதுவும் கூடாதாம். பொரிஞ்ச பெயிண்டை எல்லாம் பட்டி பிளேடு வச்சு சுரண்டி எடுத்துட்டு, மார்கழி, தை ரெண்டு மாசமும் சுவத்தை அப்படியே மொட்டையா காய விட்டோம். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாம் என்னடி இதுன்னு கேட்டாங்க. பொங்கலுக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறதுதானே ஊர் வழக்கம், நாங்க மட்டும் சுரண்டிப் போட்ட சுவத்தோட பொங்கல் வச்சோம்.

மாசியில அடிச்சோம். கட்டிச் சுண்ணாம்பு வாங்கி நீத்தணும், இரும்பு டிரம்முல தண்ணி ஊத்தி அதுல கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பைப் போடணும், போட்டதும் அடுப்பே இல்லாம கொதிக்க ஆரம்பிச்சிடும், அந்த சூட்டுல பிளாஸ்டிக் வாளி எல்லாம் தாங்காது. பிள்ளைங்களைக் கிட்ட விடக்கூடாது, கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து, எங்க வீட்டுக்காரரு லேத்துல போடுற கண்ணாடியை மாட்டிக்கிட்டுத்தான் கிண்டினாரு. ஒரு நாள் முழுக்க ஆற விட்டு, மறுநாள் பழைய வேட்டியில வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்தோம், இல்லன்னா சுவத்துல சாய்ஞ்சா முதுகெல்லாம் வெள்ளையாயிடும். மத்த மூணு சுவத்துக்கும் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு வெள்ளை, பையன் உக்கார்ற சுவத்துக்கு மட்டும் மஞ்ச காவிப்பொடி கலந்து அடிச்சோம். அந்தப் பொடி வாங்குறப்ப சுண்ணாம்புக்கு நிக்கிற கலரான்னு கேட்டு வாங்கணும், சில கலரை சுண்ணாம்பு தின்னுடும்.

அடிச்சு முடிச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. அழுக்குத் தண்ணி ஊத்தின மாதிரி திட்டுத் திட்டா ஒண்ணுமே தெரியல. பணமும் போச்சு, ஞாயித்துக்கிழமையும் போச்சுன்னு நான் புலம்ப, கொத்தனார் மாமா பீடியைப் பத்த வச்சுட்டு, "காயட்டும் இருத்தா"ன்னு உக்காந்திருந்தாரு. ஈரமா இருக்குறப்ப சுண்ணாம்பு கண்ணாடி மாதிரிதான் இருக்குமாம், காயக் காயத்தான் வெளுக்கும். சாயந்திரம் நாலு மணிக்கு மேல ஓரத்துலேர்ந்து நிறம் ஏற ஆரம்பிச்சுது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த சுவரு பழுத்த மாம்பழத் தோலு மாதிரி நின்னுச்சு. மறுநாள் இன்னொரு கோட்டிங், அதுக்கு மறுநாள் இன்னொண்ணு, மெலிசா மூணு தடவை. சுண்ணாம்பு, நீலம், காவிப்பொடி, பிரஷ் எல்லாம் சேர்த்து 460 ரூபாய். கூலி எங்க சொந்தக் கூலி.

ஸ்க்ரீன் துணி விஷயத்துல மட்டும் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன், அது என் தொழிலு. உங்க கட்டுரையில ரெடிமேடா வாங்குங்கன்னு போட்டிருந்தீங்க. கரூர் பக்கம் சொந்தம் இருந்தா சரி, அங்க ஏற்றுமதியில கழிஞ்ச துணி மலிவா கிடைக்கும், ஈரோடு வாரச்சந்தைக்குப் போறவங்களும் அள்ளிட்டு வரலாம். எங்களுக்கு அந்த பஸ் காசே ஸ்க்ரீன் காசு ஆயிடும். எங்கம்மாவோட பழைய சுங்குடிச் சேலை ஒண்ணு பெட்டியில கிடந்துச்சு, அரக்கு கலர்ல வெள்ளைப் புள்ளி, கட்டிக்கட்டி நைஞ்சு போய் பட்டு மாதிரி ஆயிருந்துச்சு. சேலை அஞ்சரை மீட்டர், அதாவது 216 இன்ச்சு. நம்ம வாசக்கால் ஏழடி, மேல கம்பிக்கு மடிக்க, கீழ கரைக்கு மடிக்க ஆறு இன்ச்சு சேர்த்தா 90 இன்ச்சு. ரெண்டு வாசலுக்கு 180 போக மிச்சம் ஒரு கெஜம் நிக்கும், அதுல ஒரு தலகாணி உறை. சேலையை நீளவாக்குல தொங்க விட்டா பார்டர் ரெண்டு ஓரத்துலயும் தானா இறங்கிடும், லேஸ் வைக்க வேண்டியதே இல்ல. பழைய சேலைங்கிறதால சுருங்கவும் சுருங்காது, புதுத் துணின்னா ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு காய வச்சுத்தான் கத்திரி வைக்கணும். இது தெரியாம புதுத் துணியை அளந்து தைச்சு மாட்டிட்டு முதல் தடவை துவைச்சதும் முழங்கால் உசரத்துக்கு வந்து நிக்குதுன்னு என்கிட்ட தூக்கிட்டு வர்றவங்க எத்தனை பேருங்க! அதே மாதிரி ஜன்னல் அகலம் நாலடின்னா துணி அகலமும் நாலடியே எடுத்துட்டு வருவாங்க. அது ஸ்க்ரீன் ஆகாது, கொடியில ஈரத்துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். நாலடி ஜன்னலுக்கு எட்டடி துணி எடுத்தாத்தான் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தாத்தான் வீட்டுக்கு ஒரு களை. அந்த ஸ்பிரிங் கம்பி வேண்டாம், ஆறே மாசத்துல நடுவுல தொங்கிடும், கனமில்லாத பைப்பும் வளையமும் வாங்கினேன், 380 ரூபாய்.

மேசைக்கு நாங்க ரொம்ப யோசிக்கல. நான் மோட்டார் மிஷின் வாங்கினதுலேர்ந்து பழைய மிதி மிஷினோட இரும்புக் காலு மொட்டை மாடி படிக்கட்டுக்குக் கீழ துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. பழைய இரும்புக்குப் போட எத்தனையோ தடவை தூக்கினது, என்னமோ மனசு வராம வச்சிருந்தேன், என் கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்த மிஷின் அது. எங்க வீட்டுக்காரரு அதைத் தேச்சு கறுப்பு எனாமல் அடிச்சாரு, அது பட்டறையில மிச்சம் இருந்தது. மேல போட பலகை, இடிச்ச வீட்டு சாமான் விக்கிற கடையில ஒரு பழைய கதவோட பாதி, 650 ரூபாய்க்குக் குடுத்தாங்க. வாங்குறதுக்கு முன்னாடி தட்டிப் பாத்தோம், கரையான் அரிச்சிருந்தா பொத்துபொத்துன்னு சத்தம் வரும், நல்ல மரம்னா கணீர்னு கேக்கும். உப்புத்தாள் முதல்ல 80 நம்பரு, அப்புறம் 120, கடைசியில 220ன்னு தேச்சு, வார்னிஷ் ரெண்டு கை. அதுக்கு 310. தேய்க்கிறப்ப பச்சை, அதுக்குக் கீழ நீலம், அதுக்கும் கீழ காவின்னு யாரோ எந்தக் காலத்துலயோ அடிச்ச கலரெல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு, ஒரு மூலையில மட்டும் அந்த நீலத்தை அப்படியே விட்டுடுன்னு பெரியவன் சொன்னான், விட்டுட்டோம். இப்ப அவன் மீட்டிங்ல பேசிக்கிட்டே கீழ மிதியை மிதிச்சுக்கிட்டு இருப்பான், அது பாட்டுக்கு டக்கு டக்குன்னு ஆடும்.

லைட்டு விஷயம் சின்னதுதான், ஆனா அதுலதான் பெரிய மாத்தம் தெரிஞ்சுது. ஹாலுக்கு இருந்தது வெள்ளை வெளேர்னு எரியுற பல்பு, டப்பாவுல 6500Kன்னு போட்டிருக்கும், வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற நம்பரு அது. அந்த வெளிச்சத்துல மஞ்ச சுவரு சாம்பல் பூத்த மாதிரி தெரிஞ்சுது. 3000Kன்னு போட்ட வார்ம் ஒயிட் பல்பு ஒண்ணும் ஹோல்டரும் 190 ரூபாய்க்கு வாங்கி பையன் மேசைப் பக்கம் போட்டோம். நான் தைக்கிற இடத்துக்கு மட்டும் அந்தப் பழைய வெள்ளை பல்புதான், அந்த மஞ்ச வெளிச்சத்துல நூல் கலரைப் பொருத்தினா கஸ்டமர் கிட்ட அடி வாங்கணும்.

மத்தபடி தரைக்கு பிளாஸ்டிக் ரோல் விரிக்கலாம்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க, விரிச்சா தரை ஈரம் அடியிலேயே நின்னு நாத்தம் அடிக்கும்னு இப்பதான் புத்தி வந்திருக்கே, வேண்டாம்னுட்டேன். கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமக்காளம் பரண்ல கிடந்துச்சு, அதை எடுத்து உதறிப் போட்டாச்சு. ஹார்லிக்ஸ் பாட்டில்ல மணி பிளான்ட் நாலு, எதிர் வீட்டுலேர்ந்து கிள்ளிட்டு வந்தது. அதுல தண்ணியை மூணு நாளைக்கு ஒருக்க மாத்தணும், மாநகராட்சியிலேர்ந்து கொசுப்புழு பாக்க வர்ற பொண்ணு டார்ச் அடிச்சு முதல்ல பாக்குறதே அந்த பாட்டிலைத்தான். உங்க கட்டுரையில காரைக்குடி பீங்கான் ஜாடின்னு போட்டிருந்தீங்களே, முனீஸ்வரன் கோயில் தெருவுல நானும் ஒரு தடவை வேடிக்கை பாத்துட்டு வந்திருக்கேன். எங்க பாட்டி பேரீச்சம்பழத்துக்குப் போட்ட மாதிரியே ஒரு ஊறுகாய் ஜாடி, விலையைக் கேட்டுட்டு ஜாடியைத் தொடாமலே வந்துட்டேன்.

ஆக மொத்தம் உருப்படியா ஆனது 1,990, ஸ்டிக்கர்ல போனது 900, கையில மிச்சம் 110.

இப்ப நான் உங்க கிட்ட சொல்ல வந்ததே இதுதாங்க. குறைஞ்ச செலவுன்னு எழுதுறவங்க வாடகை வீட்டை மறந்துடுறாங்க. நாங்க ஒரு சுவத்துக்குக் கலர் அடிக்கணும்னாக்கூட முதல்ல ஓனர்கிட்ட கேக்கணும். ஆணி அடிக்கக்கூடாது. எங்க ஓனர் அட்வான்ஸ் வாங்குறப்பவே அதைத்தான் முதல்ல சொன்னாரு. எங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்க அடிச்சுட்டுப் போன ஆணி ஹால்ல மட்டும் 11 இருக்கு, எங்க வீட்டு சாமி படம், கல்யாண போட்டோ, காலண்டர், பிள்ளைங்க ஸ்கூல் போட்டோ எல்லாம் அந்த 11 எடத்துலதான். பெருமாள் கொஞ்சம் தாழ்வா இருக்காரு, முருகன் ட்யூப்லைட்டுக்கு மேல இருக்காரு, நாங்க பாத்து வச்ச எடம் இல்ல அது.

காலி பண்றப்ப இன்னொரு கூத்து. பெயிண்டிங் காசுன்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல பிடிச்சுக்கிறது இப்ப ஊர் வழக்கமாவே ஆயிப்போச்சு. இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல எங்களுக்கும் பிடிச்சாங்க, அடுத்து வந்தவங்களுக்கு அந்த வீட்டுல புது பெயிண்ட் எதுவும் அடிக்கலைங்கிறது வேற விஷயம். தமிழ்நாட்டுல 2017-ல ஒரு வாடகைச் சட்டம் போட்டு 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்திருக்கு, அதுல கடைசியா ஒரு அட்டவணை இருக்கு, எந்த ரிப்பேர் ஓனர் பொறுப்பு, எது குடியிருக்கிறவங்க பொறுப்புன்னு. பெரியவன் போன்ல எடுத்துப் படிச்சுக் காட்டினான். குழாய் வாஷர், சுவிட்ச்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் நம்ம தலையில. சுவத்துக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறது ஓனர் கணக்குல போட்டிருக்கு. இதைப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணுனது, அப்ப என் 460 ரூபாய் யாரு தருவாங்கன்னுதான். ஓனர்கிட்ட சட்டம் பேசினா அடுத்த மாசமே வேற வீடு தேடணும், அதனால நாங்க பேசல, ஆனா நீங்க பேப்பர்ல பேசலாமே. ஒரு வக்கீலை வச்சு அந்த அட்டவணையை வரி வரியா விளக்கி ஒரு பக்கம் போடுங்க. அதுக்குப் பக்கத்துலயே ஓதம் ஏன் ஏறுது, சுண்ணாம்பு எப்படி நீத்துறதுன்னு வேலை தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தரைக் கேட்டுப் போடுங்க. எங்க மாமாவே சொல்லுவாரு, ஆனா பீடி மட்டும் வாங்கித் தரணும்.

இந்த வருஷ மழைக்கு அப்புறம் சுவரு எப்படி இருக்குன்னு கேப்பீங்க. கீழ் மூலையில உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை திரும்ப வந்திருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா பொரியல, வெயில் வந்ததும் கொஞ்சம் வெளிறிடுச்சு, தை பொறந்ததும் மிச்ச காவிப்பொடியைக் கரைச்சு அந்த எடத்துல மட்டும் ஒரு கை இழுத்துடுவேன். பெரியவன் இப்ப கேமராவைத் திறந்து வச்சுத்தான் பேசுறான். போன வாரம் மீட்டிங்ல யாரோ ஒரு மேடம் அவன்கிட்ட பின்னாடி இருக்குறது எந்த கம்பெனி பெயிண்டுன்னு கேட்டாங்களாம். இவன் என்னத்தைச் சொல்லுவான், "லோக்கல் கம்பெனி மேடம்"னு சொல்லிட்டு வந்து என்கிட்ட சிரிக்கிறான்.

கடைசியா வாசகர்கள் கிட்ட ஒரு கேள்வி, முடிஞ்சா இதை மட்டும் தனியாவாவது போடுங்க. எங்க பாட்டி வீட்டுலேர்ந்து வந்த நிலைக்கண்ணாடி ஒண்ணு இருக்கு, ரெண்டடிக்கு மூணடி, தேக்குச் சட்டம், நல்ல கனம். நாலு வருஷமா பீரோவுக்குப் பின்னாடி துணி சுத்தி வச்சிருக்கேன். அந்த 11 ஆணியில எதுவுமே அதைத் தாங்காது, ஒட்டுற கொக்கியை எங்க சுவரு ஒரு மழைக்கு மேல விடாது. ஆணி அடிக்காம அதை நிக்க வைக்க யாருக்காச்சும் வழி தெரிஞ்சா எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.